காஜா சாரும் ஓகே பொத்தானும்

எங்கள் பழைய கடையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் என்னையும் தங்கள் செல்போன் குழுவில் வைத்திருக்கிறார்கள். ஓய்வு பெற்றவளுக்குச் செய்கிற மரியாதை என்று நினைத்திருந்தேன். பழைய சர்வர்களின் கடவுச்சொல் கேட்பதற்காகத்தான் என்று பிறகு புரிந்தது. போன வாரம் அதில் ஒருவன் அலுத்துக்கொண்டான். "புது சர்வரு, டிரைவரெல்லாம் தானா நெட்டுல இருந்து எறக்கிக்கிருது அக்கா. ஆனா அரை மணி நேரம் ஆகுது. உக்காந்து உக்காந்து பொறுமையே போயிருச்சு."

அரை மணி நேரமாம்! நான் சிரித்த சிரிப்பில் என் வீட்டுக்காரர் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரே ஒரு டிரைவருக்காக நானும் காஜா சாரும் சின்னமனூர் பக்கம் பட்ட பாட்டைக் குழுவில் கொஞ்சம் அவிழ்த்துவிட்டேன். ஒழுங்காக எழுதிக் கொடுங்கள் என்று பிடித்துக்கொண்டார்கள். எழுதுகிறேன்.

தொண்ணூற்றாறில் பழனிசெட்டிபட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் இரண்டு வருஷம் ஸ்குரூ முடுக்கியதும், பெட்டிக்குள் பல்லி இட்ட முட்டையைத் துடைத்ததும், கீபோர்டைக் கவிழ்த்து மிக்சர் கொட்டியதும்தான் படிப்பு. போகிற இடத்திலெல்லாம், "மேடம் வந்துட்டாக, இஞ்சினியர் பின்னால வர்றாரா?" என்று வாசலை எட்டிப் பார்ப்பார்கள். "வருவாரு. நான் முடிச்சதும் வந்து கையெழுத்துப் போடுவாரு" என்பேன். பாதிப் பேர் அதை நம்பிக் காத்துக்கொண்டும் இருந்தார்கள்.

என் மேலாளர் காஜா மைதீன், உத்தமபாளையத்துக்காரர். எந்த வெயிலிலும் முழுக்கை வெள்ளைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான். மரியாதை என்றால் அவரிடம்தான் கற்க வேண்டும். தெருநாயைக்கூட "அங்கிட்டுப் போங்க" என்று விரட்டுகிற மனிதர். வாடிக்கையாளரிடம் 'முடியாது' என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. "பாத்துருவோம்" என்பார். பார்ப்பது நானாக இருக்கும்.

சர்வர்கள் வரத் தொடங்கிய பிறகுதான் எங்கள் வேலை சூடு பிடித்தது. சர்வர் என்பது ஓர் அலுவலகத்தில் மற்றக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பெரியண்ணன். அதற்கு இயங்குதளம் போடும்போது முதல் சண்டை டிஸ்கில் வரும். சர்வரில் டிஸ்க்குகளை நேராக மாட்டியிருக்க மாட்டார்கள். ஒரு டிஸ்க் போனாலும் மற்றது காப்பாற்றும்படி பார்த்துக்கொள்ள நடுவில் ஒரு கார்டு இருக்கும். அந்தக் கார்டோடு பேசத் தெரிந்த சின்ன மென்பொருளைத்தான் டிரைவர் என்கிறோம். இயங்குதளச் சீடிக்குள் அது இல்லையென்றால், கண்ணெதிரே இரண்டு டிஸ்க் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, 'இந்த இயந்திரத்தில் டிஸ்க் எதுவும் இல்லை' என்று கூசாமல் சொல்லிவிடும்.

அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சீடியைப் போட்டு நீலத்திரை வந்ததும், அடியில் ஒரு வரி தெரியும்: வேறு டிரைவர் இருந்தால் எஃப் சிக்ஸ் அழுத்தவும். தும்மினால் போச்சு, வரி மறைந்துவிடும். அழுத்தினாலும் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல் தன் பாட்டுக்கு ஓடும். நாம் அழுத்தினோமா இல்லையா என்று நமக்கே சந்தேகம் வந்த பிறகு, ஃபிளாப்பியைப் போடு என்று கேட்கும். அந்த ஃபிளாப்பியில் டிரைவர் கோப்புகள் வாசலிலேயே இருக்க வேண்டும். ஒரு ஃபோல்டருக்குள் வைத்துவிட்டால் அதற்குக் கண் தெரியாது. அடிக்கடி வரும் சர்வர்களுக்கு இந்தத் தொல்லையே வேண்டாமென்று, டிரைவரை இயங்குதளத்தோடு சேர்த்து எங்கள் கடைக்கென்றே தனிச் சீடி செய்து வைத்துக்கொண்டோம். தேனி வட்டாரத்தில் அந்தச் சீடிகளுக்கு நல்ல பெயர்.

கோப்புகளை எடுப்பதில்தான் வித்தை இருந்தது. கம்பெனிக்காரன் டிரைவரை உதிரியாகத் தரமாட்டான். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருவான். அந்த மூட்டையைக் கடைக் கம்ப்யூட்டரில் ஓட்டினால், 'இது அந்த சர்வர் இல்லையே' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும், கீழே ஓகே பொத்தானோடு. சர்வரிலேயே ஓட்டலாமென்றால் அங்கே இயங்குதளமே இல்லை. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை.

ஆனால் அந்த மூட்டைக்கு ஒரு பலவீனம் உண்டு. ஆள் சரியில்லை என்று சொல்வதற்கு முன்பே அவசரப்பட்டுத் தன்னை அவிழ்த்துவிடும். டெம்ப் என்ற ஃபோல்டரில் எல்லாக் கோப்புகளையும் கடைபரப்பிவிட்டுத்தான் மறுப்புப் பெட்டியைக் காட்டும். ஓகே அழுத்தினோமோ, அத்தனையையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விடும். ஆகவே பெட்டியை அப்படியே நிற்க வைத்துவிட்டு, பின்பக்கமாக டெம்புக்குள் போய் வேண்டியதை அள்ளிக்கொள்ள வேண்டும். ஓகே கடைசியில்தான். இதை நானே ஒரு மத்தியானம் கண்டுபிடித்தேன். அன்றைக்கு எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை.

காஜா சாருக்கு இந்த வித்தை ஆகவே ஆகாது. திரையில் ஒரு பெட்டி வந்து ஓகே கேட்டால் அவருக்கு இருப்புக் கொள்ளாது. தேனியில் ஒரு நூல் மில்லில், பெட்டியை நிறுத்தி வைத்துவிட்டு ஃபிளாப்பி எடுக்க என் பையைத் துழாவினேன். நிமிர்ந்தால் பெட்டியைக் காணோம். டெம்ப் ஃபோல்டர் துடைத்துவிட்டாற்போல் இருந்தது.

"சார், ஏன் அழுத்துனீக?"

"எம்புட்டு நேரமா நிக்கிது வசந்தாம்மா. வாசல்ல வந்து நிக்கிறவுகளுக்குப் பதில் சொல்லாம இருக்கிறது மரியாதையா?"

அடுத்த முறை மவுசைக் கழற்றி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் கீபோர்டில் என்டர் தட்டினார். அதற்கடுத்த முறை கீபோர்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "சார், வண்டிய வெயில்ல விட்டுட்டோம்" என்றேன். நிழலில் நிறுத்தப் போனார். வண்டி காலையிலிருந்தே புளியமரத்தடியில்தான் நின்றது. அதை நான் சொல்லவில்லை.

இனி சின்னமனூர் கதை. ஊரைத் தாண்டி ஒரு தனியார் பாலிடெக்னிக் இருந்தது. பழைய சர்வர் இடி விழுந்து போய்விட்டது. ஆய்வகப் பொறுப்பாளர் அன்னலட்சுமி, உள்ளூரில் சர்வீஸ் இருக்கிற சர்வராக வாங்கலாம் என்று தாளாளரிடம் நடையாய் நடந்தாள். தாளாளர் சுருளிவேல் ஐயா கல்லூரி நடத்துவதற்கு முன்பிருந்தே திராட்சை விவசாயி. எர்ணாகுளத்திலிருந்த தன் மச்சான் மூலம் ஒரு சர்வரைக் குமுளி வழியாக இறக்கிவிட்டார். பெட்டி முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனது. அங்கே பிரித்து, சந்தனம் குங்குமம் வைத்துப் பூசை போட்டு, மறுபடி ஒட்டிக் கல்லூரிக்கு அனுப்பினார். இயங்குதளம் போட எங்களைக் கூப்பிட்டார்கள்.

அதிலிருந்த கார்டு நாங்கள் பார்த்திராத ரகம். எங்கள் கடைச் சீடி, டிஸ்க் இல்லை என்று கையை விரித்தது. "இதோட ஒரு டிரைவர் சீடி வந்திருக்கணுமே" என்று கேட்டேன்.

அன்னலட்சுமி பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து தாளாளர் குரல் வந்தது. "அத மேடத்துட்டதான் கேக்கணும். நான் முழுசாத்தான் அனுப்புனேன். கையெழுத்துப் போட்டு வாங்குனது அவுக."

"சார், பெட்டிக்குள்ள சீடி இல்லைன்னு அன்னைக்கே சொன்னேன்ல" என்றாள் அவள்.

"திங்கக்கிழம பிராக்டிகல் எக்ஸாமு. வெளியில இருந்து ஆள் வர்றாக. அன்னைக்கு லேபு ஓடலைன்னா மேடம் அப்படியே வீட்டுக்குப் போயிரட்டும். சாமானத் தொலைக்கிறவுகளுக்கு இங்கன வேல இல்ல."

எங்கள் முன்னால், மாணவர்கள் முன்னால் சொன்னார். அவள் சம்பளத்தில்தான் தங்கை மதுரையில் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும், "தேடிப் பாத்துட்டேன் அக்கா. சத்தியமா வரல" என்றாள். காஜா சார், "பாத்துருவோம்மா" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டு எனக்கு முதல்முறையாகப் பயம் வந்தது.

அன்று வெள்ளிக்கிழமை. தேனியில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து கம்பெனித் தளத்திலிருந்து இறக்கப் பார்த்தேன். மூட்டை பெரியது, இணைப்போ சொட்டுச் சொட்டாக வந்தது. கடைசி மடக்கில் அறுந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கடைசியில் முழுசாக இறங்கியது இந்தக் கார்டின் தம்பி மாடலுக்கு உரியது. அண்ணன் உடம்புக்குத் தம்பி சட்டை சேரவில்லை. பாதி வழியில் சர்வர் நீலமாகி நின்றுவிட்டது.

சனிக்கிழமை காலை, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தோம். தாளாளர் வந்து, "வேல எங்கயும் ஓடிப்போகாது. தோட்டத்துக்கு வாங்க ராவுத்தரே. பன்னீர் திராட்ச அறுப்பு நடக்குது. வந்தவுக வெறுங்கையோட போகக் கூடாது" என்று கூப்பிட்டார். அழைப்பை மறுப்பது காஜா சாரின் சட்டத்திலேயே இல்லை. நான் முறைத்த முறைப்பைக் கண்டுகொள்ளாமல் கிளம்பிவிட்டார்.

தோட்டம் கம்பம் போகிற வழியில் இருந்தது. பந்தல் ஓரம் முழுக்கக் கயிற்றில் சீடிகள் தொங்கின. வெயிலில் சுழன்று சுழன்று மின்னின. கிளியும் மைனாவும் அண்டாமலிருக்க எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் அப்படிக் கட்டுவார்கள். பாட்டுச் சீடி, கல்யாண வீடியோ சீடி, யாரோ ஒருவரின் வயிற்று ஸ்கேன் சீடி என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தேன். மூலைக் கல்தூணருகில் ஒன்று மற்றவற்றைவிடப் பளிச்சென்று திரும்பியது. அதில் சர்வரின் மாடல் எண் இருந்தது. அடியில், பத்திரமாக வைத்திருக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"அய்யா, இது ஏது?" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"அதா, சர்வர் பெட்டிக்குள்ள சும்மா கெடந்துச்சும்மா. பூசை போட்டப்ப எடுத்தேன். என்னா மினுக்கு பாருங்க! இதக் கட்டுனதுல இருந்து அந்த மூலைக்கு ஒரு கிளி வரல."

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததைக்கூட மன்னிக்கலாம். வெண்ணெயைத் தூணில் கட்டிவிட்டு, தொலைத்தவள் என்று ஒருத்தியைச் சொன்னவரை என்ன செய்வது? வாயைத் திறந்தேன். காஜா சார் என் காலை மிதித்தார். தாளாளர் குலை அறுக்கத் திரும்பியதும், "இங்கன வச்சுச் சொன்னா வீம்புக்குச் சீடிய ஒடச்சாலும் ஒடச்சிருவாக. மொதல்ல சீடி, அப்பறம் நியாயம்" என்று முணுமுணுத்தார்.

பிறகு தாளாளரிடம் கையைக் கட்டிக்கொண்டு, "அய்யா, எங்க வீட்டுக் கொய்யா மரத்துலயும் கிளித் தொல்லை தாங்கல. அந்தச் சீடியத் தந்தீகன்னா புண்ணியமாப் போகும்" என்றார். அவர் குடியிருந்தது ஒரு மாடி வீட்டில். ஒரு துளசிச் செடிகூடக் கிடையாது.

"அது மட்டும் வேணாம் ராவுத்தரே. அதுதான் நல்லா வேல செய்யுது. பாட்டுச் சீடி நாலு எடுத்துக்கங்க."

எவ்வளவு மன்றாடியும் அசையவில்லை. எனக்குச் சட்டென்று யோசனை வந்தது. பையிலிருந்த வெற்றுச் சீடிக் கட்டைப் பிரித்து, ஒன்றை வெயிலில் திருப்பிக் காட்டினேன். "அய்யா, அதுல எழுத்து இருக்கு. கிளி படிக்கப் பழகிரும். இது ரெண்டு பக்கமும் வெள்ளி. இதக் கட்டுங்க, அதக் குடுங்க."

அவர் கண் சுருக்கிப் பார்த்தார். "ஒண்ணுக்கு ஒண்ணா? அதெப்படிம்மா? அது பழகுன சீடியில்ல?" பேரம் நடந்து, ஒன்றுக்குப் பத்தாகக் கொடுத்துத் தீர்த்தேன். தோட்டத்து வாசலைத் தாண்டும்வரை நானும் காஜா சாரும் முகத்தை இறுக்கி வைத்திருந்தோம். தாண்டியதும் அவர் வண்டியை ஓரங்கட்டிச் சிரித்தார். சட்டைக் கைப் பொத்தான் அறுந்து போகிற சிரிப்பு.

ஆய்வகத்தில் அன்னலட்சுமியின் கையில் சீடியைக் கொடுத்து நடந்ததைச் சொன்னோம். அவள் சிரிக்கவில்லை. சீடி முழுக்க மயில்துத்த மருந்து தெளித்த நீலப் புள்ளிகளும் கயிறு உராய்ந்த கீறல்களும். சோப்புத் தண்ணீரில் நனைத்து, மெல்லிய துணியால் துடைத்தாள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் துடைத்தால் கீறல் கூடும். அதை நான் சொல்லாமலே செய்தாள்.

சீடியைப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, அதிலிருந்த மூட்டையை நகலெடுக்கப் பார்த்தோம். சீடி உறுமிவிட்டுப் பாதியில் மறுத்தது. சரி, சீடியிலிருந்தே ஓட்டிப் பார்ப்போம், அவிழ்கிறவரை அவிழட்டும் என்றேன். முதல் தடவை வாசலிலேயே நின்றது. மறுபடி துடைத்தோம். இரண்டாம் தடவை கொஞ்சம் உள்ளே போனது. மூன்றாம் தடவை கீச்சிட்டுக்கொண்டே நெடுநேரம் ஓடியது. பிறகு பெட்டி வந்தது: கோப்பு பழுதாகியிருக்கிறது. கீழே ஓகே.

டெம்புக்குள் போய்ப் பார்த்தேன். பழுதானது கடைசியில் இருந்த கையேடுதான். அதற்கு முன்னால் டிரைவர் கோப்புகள் முழுசாக இறங்கியிருந்தன. ஆனால் சீடி அதற்குப் பிறகு மூச்சு விடவில்லை. இன்னொரு தடவை ஓட்ட வழியில்லை. திரையில் நிற்கிற அந்தப் பெட்டிக்குப் பின்னால்தான் அன்னலட்சுமியின் வேலை கிடந்தது. அவள் ஃபிளாப்பியைப் போட்டு நகலெடுக்கத் தொடங்கினாள். ஃபிளாப்பி முக்கி முனகிக்கொண்டு மெதுவாக ஏற்றியது. நான் காஜா சாரைப் பார்த்தேன். அவர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை.

அந்த நேரம் பார்த்துத் தாளாளர் இளநீரோடு உள்ளே வந்தார். "என்ன, முடிஞ்சுதா? இது என்னமோ கேட்டுக்கிட்டு நிக்கிதே!" என்று மவுசை நோக்கிக் கையை நீட்டினார்.

காஜா சார் எழுந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்தார் என்றால் இறுக்கிப் பிடித்தார். இளநீர் ஒன்று தரையில் உருண்டது.

"கைய எடுங்கய்யா."

"என்ன ராவுத்தரே! அது நிக்கிதுல்ல?"

"நிக்கட்டும். வந்து நிக்கிறவுகளுக்கெல்லாம் ஒடனே பதில் சொல்லணும்னு சட்டமா இருக்கு?"

ஃபிளாப்பியின் முனகல் நிற்கும்வரை அவர் பிடியைத் தளர்த்தவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அன்றைக்கு வந்த பிரியம் இன்றுவரை குறையவில்லை. அன்னலட்சுமி ஃபிளாப்பியை உருவி, சர்வரில் எங்கள் சீடியைப் போட்டு, நீலத்திரை வந்ததும் எஃப் சிக்ஸ் அழுத்தினாள். அது வழக்கம்போல் கேட்காத மாதிரி ஓடி, பிறகு ஃபிளாப்பி கேட்டது. கொடுத்தாள். இரண்டு டிஸ்க்கும் திரையில் வந்தன. அவள் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் பக்கத்துக் கம்ப்யூட்டரின் சீடித் தட்டை வெளியே இழுத்தேன். தாளாளர் குனிந்து பார்த்தார். "இது நம்ம தோட்டத்துச் சீடியில்ல?"

அன்னலட்சுமி எழுந்து நின்றாள். "சார், இதுதான் நான் தொலைச்சேன்னு சொன்னீகளே, அந்தச் சீடி. பெட்டிய வீட்டுல பிரிச்சது யாரு சார்?"

"பூசைக்குப் பிரிச்சம்ல..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். ஆய்வக வாசலில் மாணவர்கள் கூடியிருந்தார்கள். அவர்களை ஒருமுறை பார்த்தார். "நாந்தான்" என்றார். இளநீரைக்கூட எடுக்காமல் போய்விட்டார்.

திங்கட்கிழமை தேர்வு நடந்தது. வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு குறையும் சொல்லவில்லை. தாளாளர் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. அவர் கேட்பார் என்று நாங்களும் எதிர்பார்க்கவில்லை.

அடுத்த மாசம் வேறு வேலையாக அங்கே போயிருந்தேன். அன்னலட்சுமி ரெக்கார்டு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். புதுப் பிரிண்டர் பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு தாளாளரே வாசலில் வந்து நின்றார். ஒட்டின டேப்கூடப் பிரியவில்லை.

"மேடம், பிரிக்கலாமா?"

"வைங்க சார். நான் பிரிச்சுக்கிறேன்" என்றாள் நிமிராமல்.

வைத்தார். போகவில்லை. தலையைச் சொறிந்தார். "உள்ள சீடி கீடி இருந்து, வேண்டாததுன்னா சொல்லுங்க. மறுபடி கிளி வருது."

"பாத்துட்டுச் சொல்றேன் சார்."

அவர் போன பிறகு பெட்டியைப் பிரித்தாள். ஒன்றுக்கு இரண்டாகச் சீடி இருந்தது. இரண்டாவது வெறும் விளம்பரம், எதற்கும் ஆகாது. "இதக் குடுத்துரலாமே" என்றேன்.

அவள் அதை மேசை டிராயரில் வைத்துப் பூட்டினாள்.

"குடுப்போம் அக்கா. இன்னொரு தடவ வந்து கேக்கட்டும்."